கண்ணுடையார் காணாத கேடு

சைவாசிரியர்களே,

பங்குனிச் சதயம் தண்டியடிகள் நாயனாருடைய குருபூசைத் தினம். அன்று நம்முடைய பாடசாலைகளிலே பிள்ளைகளை இருத்தி நாயனார் சரித்திரத்தைச் சொல்லுவோம். சொல்லி முடிந்தபின் கற்கண்டு கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆண்டுகள் பல இவ்வாறே கழிந்தன. இம்முறையோ சரித்திரம் முடியுமுன்னே நம்முடைய நா இடறியது. அதன் காரணத்தை உங்களுக்கு அறிவித்தல் கடன் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

சரித்திரம் நீங்கள் அறிந்ததே. நாயனார் பிறவியிலே புறக்கண் இல்லாதவர். திருவாரூர்த் திருக்கோயிலை வலம்வருதலும் திருவைந்தெழுத்தை ஓதுதலுமே அவருக்குத் தொழில். கோயிலுக்கு மேற்கேயுள்ள திருக்குளத்தின் பக்கங்களிலே சமணருடைய உறைவிடங்கள் பெருகப் பெருகக் குளம் இடஞ்சுருங்கித் தூர்ந்துகொண்டு வந்தது. அதனை அறிந்த நாயனார், குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நாட்டி, இரண்டற்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணைக் கல்லிக் கூடையிலே சுமந்து கரையேறிக் கொட்டினார். சமணர் வந்து, மண்ணைக் கல்லினாற் சிற்றுயிர்கள் மாளும் என்றனர். கண்தான் இல்லை, செவியும் இல்லையோ என்று நகைத்தனர். கூடையையும் தறிகளையும் பறித்தனர். பின்பு நாயனார் திருவருளாற் கண்பெற்றதும் பிறவும் நிகழ்ந்தன.

இவ்வளவும் சொன்ன அளவிலே ஆறாந் தரத்துச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, “சேர், கண் தெரிந்த மற்றச் சைவச் சனங்கள் எல்லாரும் அதுவரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தவை?” என்று கேட்டாள்.

நல்ல வினா. முப்பது வருடமாக இச்சரித்திரத்தைக் கற்பித்துவரும் நமக்கு இவ்வினா ஒருபோதும் எழவில்லை. குளம் ஓர் இரவிலே தூர்ந்ததன்று. நீராடச் சென்றவர், தீர்த்தம் எடுக்கச் சென்றவர், கரையிலிருந்து ஊர்வார்த்தை பேசியவர் என்று கண்ணுடையார் எத்தனையோ பேர் அது நாளுக்கு நாள் குறைதலைப் பார்த்துக்கொண்டேயிருந்தனர். பார்த்தவர் செய்திலர், பாராதவர் செய்தார். இது எதனால்? சிறுமிக்கு அன்று, “நாளைக்குச் சொல்லுவோம்” என்று விடைகூறி அகன்றோம். அந்த நாளை இதுவேயாகுக.

விடை தேடுதற்குத் திருவாரூர்வரையிற் செல்லவேண்டுவதில்லை. நம்முடைய யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குக. இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என ஒன்று உண்டு. அது மாரியிலே ஓடிக் கோடையிலே பெயர்மாத்திரையாய்க் கிடப்பது. ஐப்பசி தொடங்கி மார்கழியீறாகப் பெய்யும் மழையே பெரும்பான்மையும் நமக்கு முதல். அம்மழைநீர் மண்ணினூடே இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. நாற்புறத்தும் உவர்நீர் சூழ்ந்திருத்தலால், அந்நன்னீர் கல்லினுள்ளே உவர்நீரின்மேல் மிதந்தே நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருத்தலைப் பலரும் அறிவர். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு உவர்நீரை அமிழ்த்தி நிற்கும் என்பது நிலநூலார் கணக்கு. அங்ஙனமாயின், மேலே 1 அடி நீர் குறைய, கீழிருந்து உவர் எத்துணை அடி ஏறிவரும் என்பதைப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்காகவே கொடுக்கலாம்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே மனிதருடைய காலின் வலியே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. பொறி வந்தபின் அக்காவல் போயிற்று. 1970 தொடக்கம் 1977 வரையுள்ள ஆண்டுகளிலே வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட, நம்முடைய தோட்டக்காரர் பொருள் ஈட்டினர்; வீடு கட்டினர்; பிள்ளைகளைப் படிப்பித்தனர். நம்மிற் பலர் அப்பணத்திலே படித்தவரே. ஆதலால் தோட்டக்காரரைக் குறைகூறும் வாய் நமக்கு இல்லை. ஆயின் குழை தாழ்த்தலும் பட்டியடைத்தலும் குறைய யூரியா மிகுந்தது என்பதும், பயிர் உண்டது போக மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்று என்னும் உப்பாய் மழையோடும் இறைப்போடும் கீழிறங்கிக் கிணற்றை அடைந்தது என்பதும் மறைக்கத்தக்கன அல்ல.

இனி இரண்டு கேடுகளை ஒருங்கு வைத்துப் பார்ப்போம்.

சுன்னாகத்திலே மின்சார நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களிற் கிணறுகளிலே எண்ணெய் படிந்தது. வாளியை இழுத்தால் நீரின்மேல் மினுக்கம் தெரிந்தது. முகந்தால் நாற்றம் அடித்தது. சனங்கள் எழுந்தனர். 2015ஆம் ஆண்டிலே வீதியிலே இருந்து உண்ணாவிரதம் காத்தனர், கூட்டங்கள் கூடின, வழக்கு உயர் நீதிமன்றம்வரையிற் சென்றது, 2019ஆம் ஆண்டிலே, கிணறு கெட்ட குடும்பங்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. இது மெச்சத்தக்கது. சனங்கள் செயலற்றவர் என்று சொல்லுவோர் இதனை நினைக்க.

மற்றது நைத்திரேற்று. 1980ஆம் ஆண்டுகளிலேயே நம்முடைய கிணறுகளை ஆராய்ந்தோர், பலவற்றிலே அது குடித்தற்குரிய எல்லையைக் கடந்திருத்தலை எழுதி வெளியிட்டனர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 1 இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த உப்புக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நீரைக் கொதிக்க வைத்தால் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பால்மாவை அந்நீரிற் கரைத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஊட்டினால், குருதி ஒட்சிசனைத் தாங்கும் வலி குன்றி உடல் நீலம்பாரித்தலும், உயிர்க்கு இடையூறு நேர்தலும் உண்டு. இதற்கு எவர் வீதியிலே இருந்தார்? எவர் உண்ணாதிருந்தார்? நாற்பது வருடத்துக்கு மேலாக அறிந்த இக்கேட்டுக்கு ஓர் ஊர்க்கூட்டமேனும் கூடியதை நாம் கண்டதில்லை.

எண்ணெய் தெரிந்தது, உப்புத் தெரியவில்லை. ஆதலால் அப்படி என்பர். அது பாதி விடை. மற்றைப் பாதி சொல்லக் கூசுவது. எண்ணெய் பிறர் கையால் வந்தது. உப்பு நம் கையால் வந்தது. தோட்டத்துப் பசளையால் மாத்திரமன்று, வளவுக்குள்ளே கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழியாலும் வந்தது. காணியைச் சீதனத்துக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பும் ஒன்றரைப் பரப்புமாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும் ஒரு குழியும் வைத்தவர் நாமே. கல்லிலுள்ள வெடிப்புக்கு மதிலும் வேலியும் தெரியுமா?

உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனிலே ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு, அவ்விருளினும் கொடியது இது என்று காட்டுவர். புறவிருள் பொருள்களை மறைத்தாலும், இருள் உண்டென்பதையாயினும் தெரியவிடும்; ஆணவமோ பொருளையும் மறைத்து, தான் ஒன்று மறைத்துநிற்கின்றது என்பதையும் மறைக்கும். இதனை நாம் வகுப்பிலே எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதினோம். எழுதும்பொழுது அது எங்கேயோ உள்ள ஒரு மலத்தைப்பற்றியது என்றே நினைத்தோம். நம்முடைய கிணற்றுக்கட்டிலே நின்று பார்க்குமளவும் அது விளங்கவில்லை.

விளங்கிய வரலாற்றைச் சொல்லுகின்றோம். சொல்லுதற்கு நாணமுண்டு. இளமையிலே நாம் மிஷன் பாடசாலையிலே படித்தோம். அங்கே கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒருங்கு நின்று குற்றத்தை வாய்விட்டு அறிக்கையிடுதலைப் பின்வாங்கிலிருந்து பார்த்து நகைத்ததுண்டு. சமயம் அவர்களுடையது; அந்தப் பழக்கத்தை நகைத்தது நம்முடைய பேதைமை.

நாலாண்டுகளுக்கு முன்னே, விஞ்ஞான பாடத்தின்பொருட்டுப் பிள்ளைகளைக்கொண்டு அயலிலுள்ள சில கிணறுகளின் நீரை எடுப்பித்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நம்முடைய கிணற்று நீரும் அவற்றுள் ஒன்று. பேறு வந்தது. நம்முடைய கிணறு எல்லையைக் கடந்து நின்றது. அத்தாளைப் பாடக்குறிப்பேட்டினுள்ளே வைத்தோம். பிள்ளைகளுக்கு நைத்திரேற்றைப்பற்றி அழகாகப் பாடஞ்செய்தோம். சுற்றாடல் தினத்திலே பிரசங்கமும் செய்தோம். வீட்டிலே அந்நீரையே கொதிக்கவைத்துக் குடித்தோம். மனைவியாருக்குச் சொல்லவில்லை. சொன்னாற் குழியை மாற்றவேண்டும், மாற்றினாற் செலவுண்டு, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று இருந்தோம். அடுத்த ஆண்டும் அவ்வாறே அடுத்த ஆண்டாயிற்று.

மகள் தலைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். பேத்தி பிறந்தாள். தாய்ப்பால் போதாமையாற் பால்மாவும் கொடுக்கவேண்டியதாயிற்று. பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர், கேத்திலைப் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், உங்கள் கிணற்றுத் தண்ணீர் பரிசோதித்ததோ?” என்று கேட்டார். அவ்வம்மையார் கேட்டது சாதாரணமாகவே. நாம் வாய்திறக்கவில்லை. மகள் நம்மை நோக்கினாள். எழுந்து சென்று அலுமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து கொடுத்தோம். அதிலே எழுதியிருந்த திகதியை அவர் வாசித்தபொழுது, நம்முடைய ஐம்பத்தாறு வயதிலே அதுபோல ஒரு வெட்கம் நமக்கு உண்டாகவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. அன்று தொட்டு வேறிடத்து நீர் வாங்கினோம். இரண்டு மாதத்திலே பழைய குழியைத் தூர்த்து, அடிப்பக்கம் அடைத்த தொட்டியாகக் கட்டுவித்தோம். மூன்று வருடம் செய்யாததை இரண்டு மாதத்திலே செய்தோம் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். அறிவு புதிதாக வரவில்லை. பணமும் புதிதாக வரவில்லை.

இவ்விடத்திலே ஒருவர், “எல்லாம் சிவன் செயல், விதிப்படி நடக்கும்” என்று சொல்லக்கூடும். நாமும் அம்மூன்று வருடத்திலே ஓரிரு முறை நினைத்ததுண்டு. அது கன்மக் கொள்கையைத் தலைகீழாகப் பிடித்தலாம். எல்லாம் சிவன் செயல் என்னும் சொல், ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்பு அற்றவர் வாயிலே பொருந்துவது. யூரியா மூடையை அவிழ்க்கும்பொழுது நம்முடைய செயலாயும், அது கிணற்றிலே இறங்கும்பொழுது சிவன் செயலாயும் எப்படி மாறும்? இன்று செய்வது ஆகாமியமாய் ஏறிப் பின்பு வந்து பொருந்தும் என்றன்றோ நாம் கற்பிக்கின்றோம். மண்ணிலிட்ட உப்புக் கல்லினுள்ளே நெடுநாட் கிடந்து பின்வரும் ஆண்டுகளிலே வாளியிலே ஏறுதலைக் காட்டிலும் அதற்கு வேறு உவமை நமக்குக் கிடைப்பது அரிது. செய்தவர் ஒருவர், அருந்துவது தொட்டிலிற் கிடப்பவள் என்பது மாத்திரமே அங்கே நெஞ்சைச் சுடுவது.

அயலூர்த் தோட்டக்காரர் ஒருவர் நம்மிடத்திலே சொன்னதையும் மறைத்தல் கூடாது. “நான் பசளையைக் குறைத்தால் என்னுடைய வெங்காயம் சிறுக்கும், வியாபாரி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவான். கிணறு எல்லாருடைய கிணறு, கடன் என்னுடைய கடன்” என்றார். அவர் சொன்னதிலே பொய் ஒன்றுமில்லை. நன்மை ஊரார் எல்லார்க்கும் பகிரப்பட்டு, நட்டம் ஒருவன் தலையிலே விழும் காரியத்திலே எவனும் முதலில் அடிவைக்க அஞ்சுவான். அதனை ஒருவன் தனித்துச் செய்யென்று பிரசங்கித்தல் எளிது. விளைவு குன்றாவண்ணம் எவ்வளவு பசளை போதும் என்பதை அளந்து காட்டவேண்டும். அயலார் பத்துப்பேர் ஒருங்கு குறைக்க ஒப்பவேண்டும். அஃது இல்லாமல் ஆணையால் மாத்திரம் மாற்றப் புகுந்தால் என்னாகும் என்பதையும் கண்டோம். 2021 வைகாசியிலே இந்நாட்டு அரசினர் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தனர். நெல் விளைவும் தேயிலையும் வீழ்ந்தன. கார்த்திகையிலே அத்தடையை நீக்கினர். நெடுநாள் உறங்கியவன் திடுக்கிட்டெழுந்து கதவென்று சுவரிலே மோதியதை ஒக்கும் அது.

உலகத்தார் ஒருமுறையாயினும் விரைந்ததுண்டு. வானத்திலே ஓசோன் படலம் தென்துருவத்தின்மேல் மெலிந்திருத்தலை 1985ஆம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 1987ஆம் ஆண்டிலே மொன்றியல் நகரத்திலே தேசங்கள் கூடி, அதனைக் கெடுக்கும் வாயுக்களைக் குறைக்க உடன்பட்டன. அவ்வாயுக்களைச் செய்தோர் சிலரே. அவற்றுக்குப் பதிலாக வேறு பொருளும் கிடைத்தது. எல்லாரும் ஒருங்கு விடுதலால் ஒருவனுக்கு மாத்திரம் நட்டமில்லை. மனிதர் மந்தமானவர் என்று பொதுவிலே வைது பயனில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

நம்முடைய ஆலயங்களைப்பற்றியும் சிறிது சொல்லவேண்டும், அறங்காவலர்கள் கோபியாதிருக்க. நிலம் நீர் தீ வளி வெளி ஞாயிறு திங்கள் உயிர் என்னும் எட்டும் இறைவருக்குத் திருமேனி என்கின்றோம். திருவானைக்காவிலே அவர் அப்புலிங்கமாயே எழுந்தருளியிருக்கின்றார். கும்பத்து நீரிலே கங்கையை ஆவாகனஞ்செய்கின்றோம். அந்நீர் எந்தக் கிணற்று நீர், அது எப்படியிருக்கின்றது என்று கேட்பாரில்லை. தீர்த்தக்கேணியை அழகுபடுத்துகின்றோம் என்று அடியிலும் சீமெந்து பூசிவிட்டால், மாரி நீர் நிலத்துக்கு இறங்குவது எங்ஙனம்? முன்னோர் குளமும் கேணியும் வெட்டி, பக்கத்திலே ஆவுரஞ்சிக்கல்லும் நாட்டியது மழையை ஊரிலே நிறுத்துதற்பொருட்டு. நாமோ மழை பெய்தவுடன், வெள்ளத்தை விரைந்து கடலுக்கு ஓட்டுவதெப்படி என்றே ஆலோசிக்கின்றோம். தூர்ந்த குளத்திலே விளையாட்டு மைதானமும் கட்டடமும் எழுகின்றன. திருவாரூர்க் குளத்தைச் சுருக்கியவர் புறச்சமயத்தார் என்று சொல்லி நாம் ஆறுதலடையலாம். நம்முடைய குளங்களைச் சுருக்கியவர் திருநீறணிந்தவரே. இங்கே சமணர் எவருமில்லை.

ஆசிரியர்களாகிய நம்மால் ஆவது சிறிது; ஆயினும் அச்சிறிதை வேறெவராலும் செய்ய இயலாது. பரிசோதனைப் பேற்றை நாம் செய்ததுபோலக் குறிப்பேட்டுள் வையாமல், வீட்டாருக்குச் சொல்லி, அவர்கள் உடன்பட்டாற் பாடசாலைச் சுவரிலே எழுதுங்கள். முதலில் உங்கள் கிணற்றை எழுதுங்கள். மாதந்தோறும் பாடசாலைக் கிணற்றிலே கயிறு விட்டு, நீர் எத்தனை முழம் நிற்கின்றது என்று பிள்ளைகளைக்கொண்டு அளப்பித்துக் குறியுங்கள். மெல்ல வரும் கேட்டைக் கண்ணாற் காண்பதற்கு எழுதிவைத்த எண்ணே வழி; நேற்றைய குளத்தையும் இன்றைய குளத்தையும் ஒருங்கு பார்க்கும் கண் எவர்க்கும் இல்லை. சிசுவுள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பிலே இருந்தால், கொதித்த நீரும் இதற்கு உதவாது என்பதைத் தாயாருக்குச் சொல்லி அனுப்புங்கள். இதற்குச் சுற்றறிக்கை வரவேண்டியதில்லை.

சிறுமியின் வினாவுக்கு மறுநாள் வகுப்பிலே, “கண் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்” என்று விடை சொன்னோம். அவளுக்கு அது போதுமாயிருந்ததோ அறியோம். நமக்குப் போதவில்லை, ஏனெனில் ஒரு காரியம் மிச்சம் இருந்தது. நம்முடைய குழியைத் தூர்த்தோமேயன்றி, மதிலுக்கு அப்பால் அயலவருடைய குழி நம்முடைய கிணற்றுக்குப் பத்தடிக்குள்ளே இருக்கின்றது. அவர் நல்லவர், நன்மை தின்மைகளுக்கு முன்னிற்பவர். அவரிடத்திலே அதனைப் பேசும்படி இரண்டுமுறை படலைவரையிற் சென்று, மழையைப்பற்றியும் மாம்பழத்தைப்பற்றியும் பேசித் திரும்பியிருந்தோம்.

அன்று மாலை மூன்றாமுறை சென்று சொன்னோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “மாஸ்ரர், இதைத்தான் நானும் உங்களிடம் கேட்கவேணும் என்று கனகாலமாய் நினைத்திருந்தனான். உங்களுடைய பழைய குழி என்னுடைய கிணற்றுக்கு இதைவிடக் கிட்ட இருந்தது. வாத்தியாரிடம் எப்படிச் சொல்லுவது என்று விட்டுவிட்டன்” என்றார்.

உள்ளே சென்று ஒரு கொடிக்கயிறு எடுத்துவந்தார். இருட்டுமுன்னே இரண்டு வளவையும் அளந்தோம். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்தபின் மேசன் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.